மதிலேறாமல் வந்தவர்கள்

1989 டிசம்பரில் லண்டனிலிருந்து ஏறத்தாழ 20,000 ஃபிளாப்பி வட்டுகள் தபாலில் கிளம்பின. ஒரு கணினிப் பத்திரிகையின் சந்தாதாரர்கள், உலக சுகாதார நிறுவனத்தின் எய்ட்ஸ் மாநாட்டுக்குப் போனவர்கள் எனப் பல நாட்டவரின் மேசைக்கு அவை போய்ச் சேர்ந்தன. எய்ட்ஸ் பற்றிய தகவல் வட்டு என்று மேலே அச்சிட்டிருந்தது. கேள்விகள் கேட்டு, ஒருவருக்கு நோய் தொற்றும் அபாயம் எவ்வளவு என்று சொல்லும் நிரல் ஒன்று உண்மையிலேயே உள்ளே இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. கணினியை எத்தனை முறை இயக்குகிறார்கள் என்று அது சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டே வந்தது. எண்ணிக்கை 90ஐத் தொட்டதும், கணினியில் இருந்த ஃபைல்களின் பெயர்களை எல்லாம் குழப்பி மறைத்துவிட்டு, பனாமாவில் உள்ள ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பும்படி திரையில் எழுதிக் காட்டியது.

அனுப்பியவர் ஜோசப் பாப், ஹார்வர்டில் பட்டம் பெற்ற பரிணாம உயிரியல் ஆய்வாளர். பிடிபட்டார். விசாரணையை எதிர்கொள்ளும் மனநிலையில் அவர் இல்லை என்று பிரிட்டனில் முடிவானதால் அங்கே வழக்கு முன்னேறவில்லை. தொழிலாகவும் அது தோற்றுப்போனது. பூட்டிய சாவியேதான் திறக்கும் சாவியும் என்பதால், நிரலைப் பிரித்துப் படித்த நிபுணர்கள் சாவியை அதற்குள்ளேயே கண்டெடுத்து, மீட்பு நிரல்களை எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

உலகின் முதல் ரேன்சம்வேர் என்று இன்று எல்லோரும் குறிப்பிடுவது இதைத்தான். அது எந்தத் தடுப்பையும் உடைக்கவில்லை. உரியவர் முகவரிக்கு வந்தது, உரியவர் கையாலேயே கணினிக்குள் போனது. அடுத்து வந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் மருத்துவமனைகளையும் துறைமுகங்களையும் எண்ணெய்க் குழாய்களையும் நிறுத்திய தாக்குதல்களில் பல, ஏதோ ஒரு வகையில் இதே வழியில்தான் வந்தன: சம்பளப் பட்டியலில் உள்ளவரின் பாஸ்வேர்டோடு, நம்பகமான நிறுவனத்தின் மென்பொருளோடு, தெரிந்த வாடிக்கையாளரின் மின்னஞ்சலோடு. நிறுவனங்களோ அந்த ஆண்டுகளில் பெரும்பகுதியை மதிலை உயர்த்துவதிலேயே கழித்தன.

மதில் எழுந்த காலம்

மதில் கட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது. 1988 நவம்பர் 2ஆம் தேதி கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் வெளியே விட்ட புழு நிரல், தானாகவே கணினி விட்டுக் கணினி பரவி ஆயிரக்கணக்கான இயந்திரங்களைத் திணறடித்தது. அன்றைய இணையத்தில் இருந்தவை மொத்தமே சுமார் 60,000 கணினிகள். பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களும்தான். யார் வேண்டுமானாலும் யாருடைய கணினியின் கதவையும் தட்டலாம் என்ற நிலைமை அந்த இரவோடு முடிந்துபோனது.

ஏடி அண்ட் டி நிறுவனத்தின் உள் நெட்வொர்க் அன்று தப்பித்தது. வெளியுலகத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு வாசல் கணினி நின்றிருந்தது. அந்த வாசலை இன்னும் வலுவாகத் திருத்திக் கட்டிய பெல் ஆய்வகத்தின் பில் செஸ்விக், 1990இல் அதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஃபயர்வால் என்ற கருவியின் வரலாற்றில் அது முக்கியமான ஆவணம். மதிலின் குறையையும் அவர் அதிலேயே ஒளிக்காமல் சொன்னார்: இந்த அமைப்பு வெளியே மொறுமொறுப்பான ஓடும் உள்ளே மெத்தென்ற பூரணமும் கொண்ட பண்டம் போன்றது. ஓடு விரிசல் விட்டால் உள்ளே எதிர்ப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்த எச்சரிக்கையைவிட ஓடுதான் நன்றாக விற்றது. 1994இல் செஸ்விக்கும் ஸ்டீவன் பெல்லோவினும் சேர்ந்து எழுதிய ஃபயர்வால் புத்தகம் வெளிவந்தது. அதே ஆண்டில் இஸ்ரேலின் செக் பாயின்ட் நிறுவனம் ஃபயர்வாலைக் கடையில் வாங்கி நிறுவக்கூடிய பொருளாகவே கொண்டுவந்தது. அடுத்த பத்தாண்டில் இணையத்தோடு இணைந்த நிறுவனங்கள் எல்லாம் வாசலில் ஒன்றை வைத்தன. வெளியூரில் இருந்து வேலை பார்ப்பவர்களுக்காக மதிலில் விபிஎன் என்ற பக்கவாசல் திறக்கப்பட்டது. கணினிகளில் ஆன்டிவைரஸ் ஏறியது. பாதுகாப்புச் செலவு என்றால் இவைதான் என்று நிர்வாகங்கள் நம்பின.

மதிலுக்கு உள்ளே நடந்தது வேறு கதை. ஒருமுறை பாஸ்வேர்டு போட்டு உள்ளே வந்தவரை மறுபடி யாரும் கேள்வி கேட்கவில்லை. கணக்குப் பிரிவின் கணினி ஆலையின் கணினியோடு தடையில்லாமல் பேசியது. நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு ஒரே அட்மின் பாஸ்வேர்டு இருந்தது. வேலை சுலபமாக வேண்டும் என்பதற்காகச் செய்தவைதான் இவை. சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. இருபது பேர் பார்க்க வேண்டிய நெட்வொர்க்கை மூன்று பேர் பார்க்கும் அலுவலகங்களில் வேறு வழியும் தெரிவதில்லை.

திறவாச் சாவியும் தெரியாத முகவரியும்

பாப்பின் முயற்சிக்குப் பிறகு இந்தக் கப்பத் தொழில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தலையெடுக்காமல் கிடந்தது. அதற்கு இரண்டு பொருள்கள் குறைவாக இருந்தன. உடைக்க முடியாத பூட்டு ஒன்று. ஆளைக் காட்டிக் கொடுக்காமல் பணம் வாங்கும் வழி இன்னொன்று.

முதலாவதற்கான விடையை 1996இல் ஆடம் யங், மோட்டி யுங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எச்சரிக்கையாகவே எழுதி வைத்தார்கள். பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறு சாவி என்ற பொதுச்சாவி மறையாக்க முறையை ஒரு வைரஸ் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்பது அவர்கள் கேள்வி. வைரஸுக்குள் இருப்பது பூட்டும் சாவி மட்டுமே. திறக்கும் சாவி தாக்கியவரிடமே இருக்கும். நிரலை எவ்வளவு பிரித்துப் படித்தாலும் அது அகப்படாது. இரண்டாவதற்கான விடை 2009 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய பிட்காயின்.

இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து பெரிய அளவில் வெளிப்பட்டது 2013 செப்டம்பரில். கிரிப்டோலாக்கர் என்ற மால்வேர் மின்னஞ்சல் இணைப்பாக வந்து ஃபைல்களைப் பூட்டியது, ஏறத்தாழ 300 டாலர் கேட்டது, 72 மணி நேரக் கெடு வைத்தது. 2014இல் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து அதன் பின்னால் இருந்த கணினி வலையை முடக்கின. சாவிகள் கிடைத்தன, பாதிக்கப்பட்டவர்கள் இலவசமாகத் திறந்துகொண்டார்கள். ஆனால் பணம் வரும் என்பது அதற்குள் ஊரறிந்த சேதி ஆகிவிட்டது. 2016 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஹாலிவுட் பிரஸ்பிட்டேரியன் மருத்துவமனை 40 பிட்காயின், அதாவது சுமார் 17,000 டாலர், கொடுத்துத் தன் கணினிகளை மீட்டது. தனி மனிதரின் புகைப்படங்களைவிட ஒரு நிறுவனத்தின் வேலைநாள் விலை கூடியது என்று கப்பம் வாங்குபவர்கள் கண்டுகொண்டார்கள்.

முன்பே சொன்னவர்கள்

மதிலின் காலம் முடிகிறது என்று சொன்னவர்கள் இதற்கெல்லாம் முன்பே இருந்தார்கள். 2004இல் பிரிட்டனின் ராயல் மெயில், ஐசிஐ, பிபி போன்ற பெரிய நிறுவனங்களின் பாதுகாப்பு அதிகாரிகள் ஜெரிக்கோ மன்றம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பைபிளில் மதில் இடிந்து விழும் நகரத்தின் பெயர் அது. பாதுகாப்புக் கருவிகளை விற்பவர்கள் தொடங்கிய மன்றமல்ல, விலை கொடுத்து வாங்குபவர்கள் தொடங்கியது. ஊழியர் வெளியூரில் இருக்கிறார், கூட்டாளி நிறுவனம் நம் சர்வருக்குள் வருகிறது, தரவு வேறொருவர் கட்டடத்தில் கிடக்கிறது. இனி உள்ளே எது, வெளியே எது என்று கோடு போட முடியாது, ஆகவே ஒவ்வொரு தரவும் ஒவ்வொரு கருவியும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

2010 ஜனவரி 12ஆம் தேதி கூகுள் நிறுவனம், சீனாவிலிருந்து வந்த தாக்குதலில் தன் அறிவுசார் சொத்து திருடு போனதை வெளிப்படையாக அறிவித்தது. ஊழியர்களின் உலாவியில் இருந்த ஓட்டை வழியாகத்தான் வந்திருந்தார்கள். அதன்பின் கூகுள் தன் அலுவலக நெட்வொர்க்குக்குச் சிறப்பு நம்பிக்கை தருவதையே கைவிடத் தொடங்கியது. அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்டாலும் தேநீர்க் கடையில் உட்கார்ந்து கேட்டாலும், கேட்பவர் யார், அவர் கையில் உள்ள கணினி எந்த நிலையில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் சோதித்த பிறகே கதவு திறக்கும். பியாண்ட்கார்ப் என்ற பெயரில் 2014 முதல் இதைப் பற்றிக் கட்டுரைகளும் வெளியிட்டார்கள்.

2010இலேயே ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனத்தின் ஜான் கின்டர்வாக் இந்தச் சிந்தனைக்கு ஜீரோ டிரஸ்ட் என்று பெயர் வைத்தார். செஸ்விக் இருபது ஆண்டுகளுக்கு முன் சொன்ன மெத்தென்ற உட்பகுதியை ஒழிக்க வேண்டும் என்பதே அவருடைய அறிக்கையின் தலைப்பு. உள்ளே இருக்கிறார் என்பதற்காக யாரையும் நம்பாதே என்பது அதன் சாரம். பெரும்பாலான நிறுவனங்கள் படித்துவிட்டு அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டன.

2017, ஒரு துறைமுகக் கதை

அடுத்த ஆண்டு என்று தள்ளியதற்கெல்லாம் கணக்குத் தீர்த்தது 2017. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14இல் வெளியிட்டது. அந்த ஓட்டையைப் பயன்படுத்தும் எடர்னல்புளூ என்ற கருவி, அமெரிக்க உளவு நிறுவனமான என்எஸ்ஏவிடமிருந்து களவுபோய் ஏப்ரல் 14இல் இணையத்தில் கொட்டப்பட்டது. மே 12இல் அதே ஓட்டை வழியாகப் பரவும் வானாகிரை என்ற ரேன்சம்வேர் வந்தது. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் 236 அறக்கட்டளை அமைப்புகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின, ஆம்புலன்ஸ்கள் திருப்பி அனுப்பப்பட்டன. திருத்தம் கையில் இருந்தும் இரண்டு மாதம் ஏற்றப்படாமல் கிடந்ததுதான் பல இடங்களில் காரணம். 2018 ஆகஸ்டில்கூட, தைவானின் சிப் உற்பத்தி நிறுவனமான டிஎஸ்எம்சியில், புதிதாக வந்த ஓர் இயந்திரத்தைச் சோதிக்காமல் நெட்வொர்க்கில் இணைத்ததால் அதே வானாகிரையின் வகை ஒன்று ஆலைகளுக்குள் பரவி உற்பத்தியை நிறுத்தியது. அங்கே வெளியிலிருந்து யாரும் தாக்கவே இல்லை.

2017 ஜூன் 27இல் வந்த நாட்பெட்யா இன்னும் கொடியது. உக்ரைனில் நிறுவனங்கள் வரிக்கணக்குத் தாக்கல் செய்யப் பரவலாகப் பயன்படுத்திய மென்பொருள் எம்.இ.டாக். அதைத் தயாரித்த நிறுவனத்தின் சர்வருக்குள் புகுந்து, வழக்கமான அப்டேட்டோடு மால்வேரைச் சேர்த்து அனுப்பினார்கள். ரேன்சம்வேர் போலப் பணம் கேட்டது; ஆனால் கொடுத்தாலும் திறக்க வழியே வைக்கப்படவில்லை. அழிப்பதுதான் நோக்கம். ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவின் வேலை என்று அமெரிக்காவும் பிரிட்டனும் 2018இல் குற்றம் சாட்டின.

டென்மார்க்கின் மேர்ஸ்க், உலகச் சரக்குக் கப்பல் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இயக்கிய நிறுவனம். உக்ரைனின் ஒடெசா நகரில் இருந்த அதன் அலுவலகத்தில் ஒரு கணினியில் எம்.இ.டாக் நிறுவப்பட்டிருந்தது. அந்த ஒரு கணினி போதுமானதாக இருந்தது.

எப்படி என்பதில்தான் பாடம் இருக்கிறது. யாராவது ஒருவர் விண்டோஸ் கணினிக்குள் நுழைந்தால், அவருடைய நுழைவு விவரங்கள் அதன் நினைவகத்தில் தங்கும். பழைய பதிப்புகளில் பாஸ்வேர்டேகூட அங்கிருந்து எடுக்கும்படி கிடந்தது. இதைச் சுட்டிக்காட்டுவதற்காகவே பிரான்ஸைச் சேர்ந்த பெஞ்சமின் டெல்பி 2011இல் மிமிகாட்ஸ் என்ற கருவியை எழுதினார். நாட்பெட்யா அதன் உத்தியையும் எடர்னல்புளூவையும் சேர்த்து வைத்திருந்தது. திருத்தம் ஏற்றாத ஒரு கணினியில் ஓட்டை வழியாக நுழையும். அங்கே எப்போதோ ஓர் அட்மின் வந்துபோயிருந்தால் அவருடைய விவரங்களை நினைவகத்திலிருந்து எடுக்கும். அதை வைத்துக்கொண்டு, திருத்தம் ஒழுங்காக ஏற்றிய கணினிகளுக்கும் உரிமையுள்ளவராகவே போகும். கதவுகள் எல்லாம் திறந்துவிட்டன, ஏனென்றால் காட்டப்பட்டது அசல் அடையாளம்.

மேர்ஸ்க் குழுமம் இயக்கிய 76 துறைமுக முனையங்களில் 17 செயலிழந்தன. நியூ ஜெர்சியில் லாரிகள் மைல்கணக்கில் வரிசையில் நின்றன. மும்பைக்கு அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் இயக்கிய முனையமும் முடங்கியது. கப்பல்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. எந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அது எங்கே இறங்க வேண்டும் என்று சொல்லும் கணினிகள்தான் இல்லை. ஊழியர்கள் சொந்த வாட்ஸ்அப்பிலும் தனி மின்னஞ்சலிலும் சரக்கு முன்பதிவுகளை வாங்கினார்கள்.

மீட்கப் போனபோது இன்னொரு அதிர்ச்சி. நிறுவனத்தில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு எந்தக் கணினியில் என்ன உரிமை என்ற முழுப் பதிவேட்டையும் வைத்திருப்பவை டொமைன் கன்ட்ரோலர் என்ற சர்வர்கள். மேர்ஸ்க்கிடம் சுமார் 150 இருந்தன. ஒன்று கெட்டால் இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தே இருந்தன. எல்லாமே ஒரே நேரத்தில் அழியும் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அழிந்தன. தேடித் தேடிப் பார்த்ததில் கானாவில் ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. தாக்குதலுக்குச் சற்று முன் அங்கே மின்சாரம் போய், அது நெட்வொர்க்கிலிருந்து விலகியிருந்தது. அங்கிருந்து இணையம் வழியாக நகலெடுக்கப் பல நாள் ஆகும் என்பதாலும், கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசா இல்லாததாலும், ஒருவர் வன்தட்டோடு நைஜீரியாவுக்குப் பறந்து இன்னொருவரிடம் ஒப்படைக்க, அவர் அதை இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் நகரில் இருந்த மீட்பு மையத்துக்குக் கொண்டு சேர்த்தார்.

அதன்பின் நடந்தது மனித உழைப்பின் சாதனை. 4,000 சர்வர்கள், 45,000 கணினிகள், 2,500 மென்பொருள்கள் பத்தே நாளில் மறுபடி நிறுவப்பட்டதாக மேர்ஸ்க் தலைவர் ஜிம் ஹேகமன் ஸ்னாபே 2018 ஜனவரியில் டாவோஸ் கூட்டத்தில் சொன்னார். நிறுவனத்தின் இழப்பு 25 முதல் 30 கோடி டாலர். ஒரு மின்வெட்டின் தயவில் கிடைத்த அந்த ஒரு பிரதியைத் திட்டமிட்டே தனியாக வைத்திருக்க ஆன செலவு இதில் துரும்புக்கும் காணாது.

காகிதத்தில் ஓடிய ஆலைகள்

2019 மார்ச் 19ஆம் தேதி அதிகாலை, நார்வேயின் அலுமினிய நிறுவனமான நோர்ஸ்க் ஹைட்ரோவின் கணினிகள் பூட்டப்பட்டன. 40 நாடுகள், 35,000 ஊழியர்கள். விசாரணையில் தெரிந்தது, தாக்கியவர்கள் உள்ளே வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நம்பகமான ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வந்த மின்னஞ்சலின் இணைப்பை ஊழியர் ஒருவர் திறந்ததுதான் தொடக்கம். அந்த மூன்று மாதமும் அவர்கள் பொறுமையாக அட்மின் உரிமைகளைச் சேர்த்தார்கள். கடைசியில், எல்லாக் கணினிகளுக்கும் மென்பொருள் அனுப்ப நிறுவனமே வைத்திருந்த நிர்வாக அமைப்பின் வழியாகவே லாக்கர்கோகா என்ற மால்வேரை அனுப்பிவைத்தார்கள்.

ஹைட்ரோ மூன்று முடிவுகளை உடனே எடுத்தது. பணம் கொடுப்பதில்லை. மறைப்பதில்லை. பேக்கப்பிலிருந்து மீட்பது. அலுவலக வாசல்களில், கணினியை நெட்வொர்க்கில் இணைக்காதீர்கள் என்று காகிதத்தில் எழுதி ஒட்டினார்கள். அன்றைக்கே செய்தியாளர்களைக் கூட்டி நிலைமையைச் சொன்னார்கள், அடுத்தடுத்த நாட்களும் தொடர்ந்தார்கள். ஆலைகளில் ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் திரும்பி வந்து, கணினி இல்லாத காலத்தில் எப்படி வேலை நடந்தது என்று காட்டிக்கொடுத்தார்கள். அச்சடித்து வைத்திருந்த பழைய உத்தரவுத் தாள்கள் உதவின. தனி நெட்வொர்க்கில் இருந்த மின் உற்பத்திப் பிரிவு வழக்கம்போல் ஓடியது. மொத்தச் செலவு சுமார் 7 கோடி டாலர் ஆனாலும், கப்பம் கட்டாமலே நிறுவனம் நிமிர்ந்தது. நெருக்கடியை வெளிப்படையாகக் கையாள்வது எப்படி என்பதற்கு இன்றும் இந்த நிறுவனத்தைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

இந்தத் தாக்குதல் ஒரு மாற்றத்தையும் காட்டியது. வானாகிரை தானாக ஓடிய நிரல். ஹைட்ரோவுக்குள் இருந்தவர்கள் மனிதர்கள். பார்த்து, காத்திருந்து, நாள் குறித்து அடித்தவர்கள். 2019 இறுதியில் மேஸ் என்ற கும்பல் இன்னொரு படி போனது: பூட்டுவதற்கு முன் தரவைத் திருடி, பணம் தராவிட்டால் வெளியிடுவோம் என்றது. பேக்கப் வைத்திருப்பவரையும் மிரட்டும் வழி அது.

அயர்லாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையில் 2021 மார்ச் 18இல் ஒருவர் மின்னஞ்சலில் வந்த எக்ஸெல் ஃபைலைத் திறந்தார். கான்டி கும்பல் பூட்டியது மே 14இல். நடுவில் எட்டு வாரம். பிறகு வெளியான விசாரணை அறிக்கையைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. மார்ச் 31இலேயே முதல் கணினியின் ஆன்டிவைரஸ், தாக்குதல் கருவிகளை அடையாளம் கண்டிருந்தது. ஆனால் அது தடுக்காமல் கவனிக்க மட்டும் செய்யும்படி அமைக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை எழுந்தது, எடுத்துப் பார்க்க ஆள் இல்லை. நாடு முழுக்க இருந்த மருத்துவமனைகள் தடுப்பில்லாத ஒரே நெட்வொர்க்கில் இருந்தன. புற்றுநோயாளிகளின் கதிர்வீச்சுச் சிகிச்சை உட்படப் பலவும் தடைபட்டன.

அதற்கு ஒரு வாரம் முன்பு, மே 7இல், அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுத்தப்பட்டது. கிழக்குக் கடற்கரைக்குத் தேவையான எரிபொருளில் சுமார் 45 சதவீதத்தைக் கொண்டுபோகும் 5,500 மைல் குழாய் அது. தாக்குதல் குழாயை இயக்கும் கணினிகளைத் தொடவில்லை. அலுவலகக் கணினிகளைத்தான் பூட்டியது. பரவிவிடுமோ என்ற பயத்தில் நிறுவனமே குழாயை நிறுத்தியது. நுழைந்த வழி, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கு. பாஸ்வேர்டு மட்டும் இருந்தால் போதும், கைபேசிக்கு வரும் இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. பாஸ்வேர்டு சிக்கலானதுதான் என்று தலைமை நிர்வாகி ஜோசப் பிளவுன்ட் செனட் குழுவின் முன் சாட்சி சொன்னார். 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், கொடுத்தார்கள். அதில் 63.7 பிட்காயினை அமெரிக்க நீதித்துறை பின்னர் மீட்டது. குழாய் மறுபடி ஓடத் தொடங்கிய மே 12ஆம் தேதியே, அரசுத் துறைகள் எல்லாம் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கும் ஜீரோ டிரஸ்ட் முறைக்கும் மாற வேண்டும் என்ற உத்தரவில் அதிபர் பைடன் கையெழுத்திட்டார். கின்டர்வாக்கின் அறிக்கை வெளியாகி ஏறத்தாழப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

உள்ளறைக் காவல்

இத்தனை இழப்புகளிலிருந்து திரண்டு வந்த வழக்கங்கள் இன்று ஓரளவு தெளிவாக இருக்கின்றன. நெட்வொர்க்கைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரிப்பது முதலாவது. கணக்குப் பிரிவின் கணினிக்கு ஆலையின் கணினியோடு பேச வேண்டிய வேலை இல்லையென்றால், அந்தப் பாதையே இருக்கக் கூடாது. அட்மின் கணக்கைக் கொண்டு மின்னஞ்சல் பார்ப்பதோ சாதாரணக் கணினிக்குள் நுழைவதோ கூடாது என்பது மிமிகாட்ஸ் கற்றுத்தந்தது. கலோனியலுக்குப் பிறகு, ஊழியர் விலகியதும் கணக்கை மூடுவதும் எல்லா வாசலிலும் இரண்டாவது சரிபார்ப்பு வைப்பதும் விவாதத்துக்குரிய விஷயங்களாக இல்லை. கணினிக்குள் நடப்பதைத் தொடர்ந்து கவனித்து, வழக்கத்துக்கு மாறான அசைவைப் பிடிக்கும் இடிஆர் கருவிகள் 2013 வாக்கில் பெயர் பெற்று, இப்போது ஆன்டிவைரஸின் இடத்துக்கு வந்துவிட்டன. ஆனால் அயர்லாந்தின் அனுபவம் சொல்வதுபோல, நள்ளிரவு எச்சரிக்கைக்கு எழுந்து பதில் சொல்லும் மனிதர் ஒருவரும் வேண்டும்.

பேக்கப்பின் கதை தனி. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில் என்ற விதியைப் பரப்பியவர் பீட்டர் கிராக் என்ற புகைப்படக் கலைஞர். படங்கள் தொலையாமல் இருக்கச் சொன்ன யோசனை அது. ரேன்சம்வேர் கும்பல்கள் உள்ளே வந்ததும் முதலில் பேக்கப்பைத் தேடி அழிக்கத் தொடங்கிய பிறகு, அந்த விதியோடு இன்னொன்று சேர்ந்தது: ஒரு பிரதியாவது நெட்வொர்க்கின் கை எட்டாத இடத்தில் இருக்க வேண்டும், அல்லது அட்மினாலும் அழிக்க முடியாதபடி எழுதப்பட்டிருக்க வேண்டும். அதிலிருந்து உண்மையிலேயே மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது செய்து பார்க்கவும் வேண்டும்.

இவற்றைச் செய்யாததன் விலை எப்போதும் கோடிகளில் மட்டும் எழுதப்படுவதில்லை. இங்கிலாந்தின் கேஎன்பி என்ற சரக்குப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 158 ஆண்டு வரலாறு இருந்தது. 2023இல் அகிரா கும்பல் ஓர் ஊழியரின் எளிய பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே வந்ததாகக் கருதப்படுகிறது. தரவை மீட்க முடியவில்லை. நிறுவனம் மூடப்பட்டு சுமார் 700 பேர் வேலை இழந்தார்கள். லாரி ஓட்டுநர்களும் கிடங்குத் தொழிலாளர்களும் நெட்வொர்க் வடிவமைப்பில் எந்தப் பங்கும் இல்லாதவர்கள்.

டெல்லி, கொழும்பு, மும்பை

2022 நவம்பர் 23 காலை டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடங்கின. நாட்டின் தலைசிறந்த மருத்துவமனை இரண்டு வாரம் வரை பதிவு, பரிசோதனை முடிவு, கட்டணம் எல்லாவற்றையும் கையால் எழுதி நடத்தியது. தொலைதூர ஊர்களிலிருந்து வந்த நோயாளிகள் வரிசையில் கால்கடுக்க நின்றார்கள். ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது, நெட்வொர்க்கைச் சரியாகப் பிரிக்காததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால் நோயாளிகளின் தரவு திரும்பக் கிடைத்தது.

இலங்கைக்கு அது வாய்க்கவில்லை. 2023 ஆகஸ்டில் அரசின் பொது மேகக் கணினி அமைப்பு தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரசு மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் நிரந்தரமாகப் போயின. அந்தக் காலத்துக்குத் தனிப் பிரதி இல்லை. ஓடிக்கொண்டிருந்தது தயாரிப்பாளரின் ஆதரவு முடிந்துபோன பழைய மின்னஞ்சல் மென்பொருள். பொருளாதார நெருக்கடியில் தவித்த நாட்டில் அதைப் புதுப்பிக்கும் வேலை தள்ளிக்கொண்டே போயிருந்தது.

2024 ஜூலை இறுதியில், கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனத்தில் ரேன்சம்வேர் நுழைந்தது. யுபிஐ உள்ளிட்ட சில்லறைப் பணப்பரிமாற்றங்களை நடத்தும் தேசியக் கழகமான என்பிசிஐ, ஜூலை 31 அன்று அந்த நிறுவனத்தைத் தன் வலையிலிருந்து துண்டித்தது. அதனால் சுமார் 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யுபிஐயில் பணம் அனுப்பவும் ஏடிஎம்மில் பணம் எடுக்கவும் முடியாமல் தவித்தார்கள். சிறு வணிகருக்கும் விவசாயிக்கும் அது சின்னத் தொல்லை இல்லை. மற்ற வங்கிகளின் பரிமாற்றங்கள் வழக்கம்போல் நடந்தன. வெளியிலிருந்து வந்த தடயவியல் நிபுணர்கள் சோதித்து, பாதிக்கப்பட்ட பகுதி பிரித்து ஒதுக்கப்பட்டது உறுதியான பிறகு, ஆகஸ்ட் 1 அன்று இணைப்பு திரும்பியது. பல ஆண்டுகள் நம்பிக்கையோடு இணைந்திருந்த கூட்டாளியை ஒரே நாளில் துண்டிக்கவும் மறுநாள் சோதித்துச் சேர்க்கவும் முடிந்தது, அப்படித் துண்டிக்கும் இடம் வலைக்குள் ஏற்கெனவே இருந்ததால்தான்.